‘வரை’ என்ற சிறு சொல்

சித்திரைப் புத்தாண்டுக்குப் பத்து நாள் இருக்கையில், களுவாஞ்சிக்குடிச் சந்தியில் பேருந்துக்காகக் காத்து நின்றேன். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று கல்முனைப் பக்கமிருந்து மெல்ல வந்து எனக்கு எதிரே நின்றது. புடவைக்கடை ஒன்றின் மலிவு விற்பனைக்கான விளம்பரம் அது. “அனைத்து ஆடைகளுக்கும் அறுபது வீதக் கழிவு” என்று ஒலிப்பதிவு திரும்பத் திரும்பச் சொன்னது. பின்புறத்தில் கட்டியிருந்த பதாகையில் 60 என்ற இலக்கம் ஒரு முழ உயரத்துக்குச் சிவப்பில் இருந்தது. அதன் கீழே, மஞ்சள் நிறத்தின்மேல் வெள்ளை எழுத்தில், விரல் நகத்தின் அளவுக்கு ‘வரை’ என்று அச்சிட்டிருந்தார்கள். எனக்கும் ஆட்டோவுக்கும் இடையே பத்தடி தூரம்கூட இல்லை. அப்படியிருந்தும் இரண்டு தரம் உற்றுப் பார்த்த பின்னரே அந்தச் சொல் கண்ணில் பட்டது. ஒலிப்பதிவில் அது இல்லவே இல்லை.

உயர்தர மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கணக்கீடு கற்பிப்பவள் நான். எண்களைப் பார்த்தால் அவற்றின் பக்கத்தில் நிற்கும் சொற்களையும் பார்க்கும் பழக்கம் எனக்குத் தொழிலோடு வந்தது. ‘அறுபது வீதக் கழிவு’ என்றால் அது ஒரு வாக்குறுதி. ‘அறுபது வீதம் வரை கழிவு’ என்றால் அது வாக்குறுதியே இல்லை. கடையிலுள்ள ஆயிரம் ஆடைகளில் ஒன்றுக்கு மட்டும் அறுபது வீதம் குறைத்து, மீதி அத்தனைக்கும் ஒரு சதமும் குறைக்காமல் விட்டாலும் அந்த வாக்கியம் உண்மையாகவே இருக்கும். அந்தக் கிழமையே கடைக்குப் போய், அறுபது வீதக் கழிவுள்ள உடைகள் எவை என்று கேட்டேன். மூலையில் இருந்த ஓர் அட்டைப் பெட்டியைக் காட்டினார்கள். அளவு கலைந்து மிஞ்சிய சிறுவர் சட்டைகள் அதில் கிடந்தன. சேலைகளுக்கு ஐந்து வீதம்.

பெருநாள் காலத்தில் காத்தான்குடியிலும், தீபாவளிக் காலத்தில் மட்டக்களப்பு நகரிலும், ஆண்டு முழுவதும் கல்முனையிலும் இந்தச் சொல்லை நான் பார்க்கிறேன். ‘வரை’யைப் போலவே ‘முதல்’ என்ற சொல்லும் இருக்கிறது. ‘990 ரூபாய் முதல்’ என்ற பலகையில் 990 பெரிதாக இருக்கும். ‘முதல்’ ஒதுங்கி நிற்கும். ஒரு தொகை பெரியது என்று வாசிப்பவருக்குத் தோன்றுவதற்கு முன்னரே அதைச் சிறிதாக்கிவிடுவதற்கு ‘மாத்திரம்’ இருக்கிறது. ‘50 வீதமும் மேலும் 20 வீதமும்’ என்ற கழிவை எழுபது வீதம் என்றே என் மாணவர்களில் பாதிப்பேர் முதலில் சொல்கிறார்கள். ஆயிரம் ரூபாய் ஐந்நூறாகி, அந்த ஐந்நூறில் நூறு கழிந்தால் நானூறு மிஞ்சும். கழிவு அறுபது வீதந்தான். இவற்றில் எதுவும் பொய் இல்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. பொய் சொல்பவரைப் பிடித்துக் கேட்கலாம். உண்மையை எந்த அளவு எழுத்தில், எந்த இடத்தில், எந்த மொழியில் வைப்பது என்று உட்கார்ந்து யோசித்தவரை எப்படிப் பிடிப்பது?

மொழி என்றதும் மாமியின் துண்டுப்பிரசுரத்துக்கு வந்துவிடுகிறேன்.

மாமி மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கிறார். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் வாவியைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு பையில் ஏதாவது கொண்டுவருவார். அன்று பைக்குள் பழுத்த மாம்பழங்களோடு மடித்த ஒரு தாளும் இருந்தது. தவணை முறையில் வீட்டுப் பொருட்கள் விற்கும் கடையொன்றின் ஆட்கள் அவருடைய ஊரில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போனது. “இதுல என்ன புள்ள எழுதிக் கிடக்கு? நல்லதா கெட்டதா எண்டு பார்த்துச் சொல்லு” என்றார்.

முன்பக்கம் முழுவதும் தமிழ். பளபளப்பான தாளில் குளிர்சாதனப் பெட்டியின் படம். ‘வட்டி இல்லை. முற்பணம் இல்லை. மாதம் 12,000 ரூபாய் மாத்திரம். 12 மாதங்கள்.’ எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாத தமிழ். யாரோ கவனமெடுத்து எழுதியிருக்கிறார்கள். பின்பக்கம் முழுவதும் ஆங்கிலம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில் இருப்பதைப் போன்ற எழுத்து. நிபந்தனைகள் பதினொன்று. ஒரு தவணை பிந்தினால் எவ்வளவு தண்டம், எத்தனை தவணை பிந்தினால் பொருளைத் திரும்ப எடுப்பார்கள், ஆவணக் கட்டணம் எவ்வளவு, எடுத்த பொருளுக்கு அதுவரை கட்டிய காசு என்னவாகும் என்பன எல்லாம் அங்கே இருந்தன. மாமி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ்ப் பத்திரிகையைத் தலைப்பிலிருந்து மரண அறிவித்தல் வரை வாசிப்பார். அவருக்குப் புரிய வேண்டியது என்று கடைக்காரர் கருதிய அத்தனையும் அவருடைய மொழியில் இருந்தது. புரியத் தேவையில்லை என்று கருதியது வேறு மொழியில் இருந்தது. 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் வந்ததிலிருந்து தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழிதான். அந்த உரிமை குளிர்சாதனப் பெட்டியின் நிபந்தனை வரை வந்து சேரவில்லை.

நான் கடைக்குத் தொலைபேசி எடுத்து, அதே பெட்டியைக் கைக்காசுக்கு எடுத்தால் என்ன விலை என்று கேட்டேன். 120,000 ரூபாய் என்றார்கள். பன்னிரண்டு தவணையும் சேர்த்தால் 144,000. இந்த 24,000 ரூபாய்க்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வட்டி இல்லை, தவணை விலை. பெயரை மாற்றியதால் ‘வட்டி இல்லை’ என்ற வசனமும் உண்மையாகிவிட்டது.

120,000 க்கு 24,000 என்றால் இருபது வீதம், அவ்வளவுதானே என்று மாமி கேட்டார். கடையில் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பார்கள். ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. இருபது வீதம் என்று சொல்ல வேண்டுமானால் மாமி அந்த 120,000 ரூபாயையும் முழுமையாக ஓர் ஆண்டு கையில் வைத்திருந்து, ஆண்டு முடிவில் ஒரே தடவையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவரோ முதல் மாதமே கட்டத் தொடங்குகிறார். ஆறு மாதம் கழியும்போது கடனில் பாதியளவு தீர்ந்துவிடுகிறது. கடைசி மாதத்தில் நிலுவை ஒரு தவணை மாத்திரமே. ஆண்டு முழுவதற்கும் சராசரி எடுத்தால் அவர் கையில் இருந்த கடன் ஏறத்தாழ 65,000 ரூபாய். அந்த 65,000 க்குத்தான் அவர் 24,000 கொடுக்கிறார். மாதந்தோறும் குறைந்து செல்லும் நிலுவையின்மீது முறையாகக் கணித்தால், ஆண்டு வட்டி வீதம் 35 க்குக் குறையாது. பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் மாதம் மாதமாக எழுதி அவருக்குக் காட்டினேன். நான்காம் மாதத்துக்கு வந்தபோது அவர் என் கையிலிருந்த பேனையை வாங்கி, மீதியைத் தானே கழித்துப் பார்த்தார்.

இந்த 35 என்ற எண் எங்கள் பகுதிப் பெண்களுக்குப் பழக்கமானது. 2018 ஆம் ஆண்டு, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பன்னிரண்டில் இருந்தன. அக்காலத்தில்தான் மத்திய வங்கி நுண்கடன்களுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்ச வட்டி வரம்பையும் விதித்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நின்ற வசூல்காரர்களை மாமியின் ஊர் இன்னும் மறக்கவில்லை. அந்தக் கடன்களும் சிறிய தவணையின் பெயரைச் சொல்லித்தான் விற்கப்பட்டன: ‘கிழமைக்கு இவ்வளவுதான்’ என்று. இன்றைக்கு ‘வட்டி இல்லை’ என்று வரும் பெட்டிக்குள், அன்று அரசு கோடு கீறி நிறுத்திய வட்டியின் அளவு அப்படியே இருக்கிறது.

இதைப் பாடமாகவே நடத்தலாம் என்று எனக்குத் தோன்றியது அதற்குப் பிறகுதான். வீட்டில் தீர்ந்துபோன எந்தப் பொருளினதும் உறையை எறியாமல் கொண்டுவரும்படி மாணவர்களிடம் சொன்னேன். இரண்டு கிழமைக்குள் வகுப்பின் பின்மேசை நிறைந்துவிட்டது. பால்மா, சவர்க்காரம், பிஸ்கட், பழரசப் பைக்கற், தேயிலை, ஷாம்பு. ஒரு மாணவியின் அம்மம்மா பழைய சவர்க்கார உறைகளைத் துணிகளுக்கு இடையில் வாசனைக்காக வைப்பவராம். அதனால் ஒரே சவர்க்காரத்தின் மூன்று காலத்து உறைகள் எங்களுக்குக் கிடைத்தன. பெட்டியின் நீள அகலத்தில் வித்தியாசம் சொல்ல முடியாது. உள்ளே எழுதியிருந்த நிறைதான் 100 கிராம், 90 கிராம், 80 கிராம் என்று இறங்கி வந்திருந்தது. புதிய கட்டியைக் கையில் வைத்துப் பார்த்தால் அதன் இரண்டு முகமும் நடுவில் உள்வாங்கியிருக்கின்றன. பிடிப்பதற்கு வாகாக இருக்கட்டும் என்று செய்தது போலத் தோன்றும். குழிந்த அளவுக்குச் சவர்க்காரம் குறைந்திருக்கிறது.

விலை மாறாமல் நிறை 100 இலிருந்து 80 கிராமுக்கு இறங்கினால் விலை எத்தனை வீதம் கூடியிருக்கிறது என்று கேட்டேன். இருபது என்றார்கள். முன்பு கொடுத்த காசுக்கு நூறு கிராம், இன்று அதே காசுக்கு எண்பது. அந்த எண்பதின்மேல் இருபது என்பது நாலில் ஒன்று, ஆகவே 25 வீதம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. அந்தக் காலத்தில் விலை ஏறியதை எல்லோரும் கண்டார்கள், ஏசினார்கள், தாங்கினார்கள். உற்பத்திச் செலவு கூடியது உண்மை. விலையை ஏற்றியவர்களை நான் குறை சொல்லவில்லை. விலையை ஏற்றுபவர் நம்மிடம் முகத்துக்கு நேரே சொல்கிறார். நிறையைக் குறைப்பவர் நம் கண் பழகிய பழக்கத்தைப் பயன்படுத்திச் சொல்லாமல் எடுக்கிறார். இந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பாணையும் நிறுத்துப் பார்த்தோம். நாம் இன்னும் ‘ஒரு இறாத்தல் பாண்’ என்றுதான் கேட்கிறோம். 2024 இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்று நிர்ணயித்தது. மாணவர்கள் கொண்டுவந்த நான்கு பாண்களில் இரண்டு அந்த நிறையை எட்டவில்லை. ஒன்று 400 கிராமுக்கும் கீழே இருந்தது.

மேசையில் அதிக நேரத்தை எடுத்தவை குழந்தைகளுக்கான பானங்கள். இலங்கையில் 2016 ஓகஸ்ட் முதல் இனிப்புப் பானங்களில் நிறக்குறி இட வேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 க்குக் கீழே பச்சை. நல்ல சட்டம். வாசிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும். ஆனால் 10.5 கிராம் சீனி போட்ட பானமும் செம்மஞ்சள்தான். அதன் 400 மில்லிலீற்றர் போத்தலொன்றைக் குடித்து முடிக்கும் பிள்ளையின் உடம்புக்குள் 42 கிராம், அதாவது பத்துத் தேக்கரண்டிக்கு மேல் சீனி போகிறது. வளர்ந்தவர் ஒருவரே ஒரு நாளில் 25 கிராமுக்குக் குறைத்துக்கொண்டால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. கோடு எங்கே கீறப்பட்டிருக்கிறதோ அதற்கு ஒரு மயிரிழை கீழே பொருளைத் தயாரித்துவிட்டால் சிவப்பு வராது. ‘சீனி சேர்க்கப்படாதது’ என்று எழுதிய இன்னொரு உறையின் பின்னால், பொருட்களின் பட்டியலில் இரண்டாவதாகச் செறிவூட்டிய பழச்சாறு இருந்தது. சீனியைப் பொதியிலிருந்து அள்ளிப் போடவில்லை; பழத்திலிருந்து பிழிந்து வற்றச் செய்து போட்டிருக்கிறார்கள். ‘சேர்க்கப்படாதது’ என்ற சொல்லை ‘இல்லாதது’ என்று தாய்மார் வாசிப்பார்கள் என்பது எழுதியவருக்குத் தெரியும். மரக்கறி எண்ணெய்ப் போத்தலில் ‘கொலஸ்திரோல் அற்றது’ என்று இருப்பதும் இந்த வகைதான். கொலஸ்திரோல் விலங்குகளிலிருந்து வரும் உணவுகளில் இருப்பது. தாவர எண்ணெய் எதிலும் அது பேசும் அளவுக்கு இருப்பதில்லை. எல்லாப் போத்தலுக்கும் பொதுவான ஒன்றை ஒரு போத்தல் தன்னுடைய சிறப்பாகச் சொல்லிக்கொள்கிறது.

தொலைபேசி டேட்டாவில் பாதியை நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் ஒதுக்கிவிட்டு மொத்தத்தைப் பெரிய எழுத்தில் போடுவதைப் பற்றி மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கத் தேவையிருக்கவில்லை. அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள்.

ஒன்றை மட்டும் இந்த வரிசையில் வைக்க எனக்கு மனமில்லை, ஏனென்றால் அது காசோடு நிற்பதில்லை. ஏழு நாளில் வெள்ளையாக்கும் என்று முகநூலிலும் டிக்டொக்கிலும் விற்கப்படும் பூச்சுகள். லேபிளில் தயாரித்தவரின் முகவரி இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் இல்லை. ‘மூலிகை’ என்ற ஒரு சொல் மட்டும் இருக்கும். விரைவாக வெளுக்கச் செய்யும் பூச்சுகள் பலவற்றில் பாதரசம் கலக்கப்படுவது உலகெங்கும் பரிசோதனைகளில் வெளிவந்த விடயம். அது தோலின் வழியே உடம்புக்குள் சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கும். வீட்டிலுள்ள குழந்தையையும் சேரும். பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் ஒரு தரப்பு. கருவுற்றிருந்த என் முன்னாள் மாணவி ஒருத்தி அப்படி ஒரு டப்பாவைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியபோது நான் கோபப்பட்டேன். அவள்மீது கோபப்பட்டது தவறு. ‘நிறம் குறைந்த பிள்ளை’ என்று அவளிடம் சிறு வயதிலிருந்து சொன்ன நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்தச் சந்தையைத் திறந்துவைத்திருக்கிறோம்.

புடவைக்கடையில் நான் கேள்வி கேட்டபோது அங்கிருந்தவர் பணிவாகவே சொன்ன பதில் இது: “டீச்சர், இது விளம்பரந்தானே.” இந்த வாதம் மிகப் பழையது. 1891 இல் இலண்டனில் ஒரு மருந்து நிறுவனம், மூக்கால் உள்ளிழுக்கும் தன்னுடைய புகையுருண்டையை நாளுக்கு மூன்று தடவை இரண்டு கிழமைக்கு முறைப்படி பாவித்த பின்னரும் யாருக்காவது தடிமன் காய்ச்சல் வந்தால் 100 பவுண் தருவதாக விளம்பரம் செய்தது; உண்மைதான் என்று காட்ட 1,000 பவுணை வங்கியில் வைப்பிட்டிருப்பதாகவும் எழுதியது. கார்லில் என்ற பெண்மணி வாங்கிப் பாவித்தார், காய்ச்சலும் வந்தது. பணம் கேட்டபோது நிறுவனம், அது வெறும் விளம்பரப் பேச்சுத்தான், யாரும் அதை நம்பியிருக்கக் கூடாது என்று வாதாடியது. 1892 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டு, பணத்தைக் கொடுக்கச் சொன்னது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் ஒப்பந்தச் சட்டத்தில் முதலில் சந்திக்கும் வழக்குகளில் ஒன்று அது. நம்ப வைப்பதற்காகவே எழுதிவிட்டு, நம்பியவரைப் பார்த்து ஏன் நம்பினாய் என்று கேட்பது நீதியாகாது.

நம் நாட்டுச் சட்டமும் இதில் வலுவற்றதாக இல்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, நுகர்வோரைப் பிழையாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையைத் தடைசெய்வதோடு நின்றுவிடவில்லை. அப்படி வழிநடத்தக்கூடிய நடத்தையையும் தடைசெய்கிறது. அந்தக் ‘கூடிய’ என்ற சிறு சொல்லை நான் மாணவர்களுக்குக் கோடிட்டுக் காட்டினேன். ‘வரை’க்கு எதிராக நம் பக்கத்தில் நிற்கும் சொல் அது. 28 ஆம் பிரிவின்படி கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். பொருளின் தரமோ உத்தரவாதமோ பற்றிய முறைப்பாடென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்த மூன்று மாதம்தான் பெரும்பாலானோருக்குத் தெரியாமல் போவது. தவணைப் பொருள் பழுதாகும்போது கடையில் “அடுத்த கிழமை வாங்க” என்று சொல்லிச் சொல்லியே அந்தக் காலத்தைக் கடத்திவிடுகிறார்கள். முறைப்பாட்டை எழுதும்போது கையில் பற்றுச்சீட்டும் விளம்பரத் தாளும் இருக்க வேண்டும். ஆட்டோவில் ஒலித்த குரலைக் கையில் வைத்திருக்க முடியாது என்பதால்தான் ‘வரை’யைக் குரலில் விட்டுவிட்டுத் தாளில் மட்டும் போடுகிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

மாமி அந்தப் பெட்டியை வாங்கினார். பத்துப் பெண்களோடு ஒரு சீட்டில் சேர்ந்து காசைச் சேர்த்த பின் வாங்கலாம் என்று நான் சொல்லியிருந்தேன். பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஐஸ் பைக்கற் விற்பதற்காகவே அவருக்கு அது தேவைப்பட்டது. வெயில் காலம் சீட்டு விழும் வரை காத்திருக்காது. அது அவருடைய கணக்கு, என்னுடையதைவிடச் சரியான கணக்காகவும் இருக்கலாம். ஆனால் கடைக்கு அவர் அந்த நாட்காட்டித் தாளைக் கொண்டுபோயிருந்தார். கைக்காசு விலை, தவணை விலை, பிந்தினால் தண்டம் என்ற மூன்றையும் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தால்தான் எடுப்பேன் என்று நின்றிருக்கிறார். விற்பனைப் பையன் அரை மணித்தியாலம் முகாமையாளரோடு பேசிவிட்டு எழுதிக் கொடுத்தானாம். அடுத்த தடவை பாதையேறி வந்தபோது பற்றுச்சீட்டை எனக்குக் காட்டினார். நீல மையில், கொஞ்சம் சாய்ந்த எழுத்து. ‘வட்டி இல்லை’ என்று அச்சிட்டிருந்த வரியின்மேல் பேனையால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ‘தவணைக்கு மேலதிகம் 24,000’ என்று எழுதப்பட்டிருந்தது.